தொள்ளாயிரம் தோட்டா

"முழு சைஸ்ல, நம்பி எடுக்குற மாதிரி நல்ல பிஸ்டலா ஒண்ணு வேணும் மிஸ் நடீன். ஐந்நூறு டாலருக்குள்ள முடிச்சுக் குடுங்க," என்றான் டென்னி டாக்கெட். ஏதோ தனக்கே வாங்குவது போலத்தான் பேச்சு. இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். வாங்க வேண்டியவளோ அவனுக்குப் பின்னால், தூண்டிலுக்கு விற்கிற மீன்குஞ்சுத் தொட்டியைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அதில் அப்படி என்ன அதிசயத்தைக் கண்டாளோ, கண்ணை எடுக்கவே இல்லை.

அவள் பெயர் கெண்ட்ரா மேடக்ஸ். வயது முப்பத்தொன்று. நான்கு வருடமாக மாவட்டப் போலீசில் துணை ஷெரிப். டென்னி அவளுடைய ஜோடி. இருவரும் ஒரே காரில் ரோந்து போகிறவர்கள். எங்கள் கவுண்டி, அதாவது மாவட்டம், பஞ்சப்பாட்டுக் கவுண்டி. சீருடை கொடுப்பார்கள், பேட்ஜ் கொடுப்பார்கள், இரண்டு லட்சம் மைல் ஓடிக் களைத்த காரையும் கொடுப்பார்கள். துப்பாக்கியை மட்டும் அவரவர் கைக்காசில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு எல்லோரும் நடீன் ப்ரூயிட்டின் கடைக்குத்தான் வருவார்கள்; மார்ச் மாதம் வரை வந்தார்கள் என்று சொல்ல வேண்டும். முன்பக்கம் புழுவும் தூண்டிலும், பின்பக்கம் கண்ணாடி அலமாரியில் துப்பாக்கியும். பதினாறு வருடமாக அவள் கடை அப்படித்தான்.

இந்த முறை கெண்ட்ராவின் கைக்காசு அல்ல. போன வெள்ளிக்கிழமை மாலை பாப்டிஸ்ட் சர்ச்சில் கெளுத்தி மீனைப் பொரித்து விற்று, நம்ம பொண்ணு கையில் இனிமேல் ஓட்டைத் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று ஊரே சேர்ந்து கொடுத்த பணம். பாதிரியாரின் மனைவி பணம் வைத்த உறையைக் கையில் திணித்துக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்த உறை இப்போது சட்டைப்பையில் இருந்தது. அதைப் பிரித்து எண்ணிப் பார்க்கக்கூடக் கெண்ட்ராவுக்கு மனம் வரவில்லை.

காரணம் இதுதான்: அவளுடைய பழைய துப்பாக்கியில் ஒரு கோளாறும் கிடையாது. இந்தப் பூமியில் அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது என்னவென்றால், மே மாதத்தில் துப்பாக்கி சுடும் தகுதித் தேர்வு வரவிருந்தது. போன வருடம் மயிரிழையில் தேறியவள் அவள். அதனால் தினமும் காலையில் தோட்டாவையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு, படுக்கையறைக் கதவில் ஒட்டிய டேப்பைக் குறிபார்த்து, வெறும் விசையை ஐம்பது முறை அழுத்திப் பழகுவாள். முடித்ததும் தோட்டா நிரப்பிய மேகசினைக் கைப்பிடிக்குள் செருகுவாள். பிறகு துப்பாக்கியின் மேல்பாகத்தை ஒரு முறை பின்னுக்கு இழுத்து விட வேண்டும். அப்போதுதான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். மார்ச்சில் ஒரு நாள் காலை மகளின் பள்ளிப் பேருந்து வாசலில் ஹாரன் அடித்தது. மேகசினைச் செருகினாள், இடுப்பு உறையில் போட்டாள், இழுத்துவிட மறந்து மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். துப்பாக்கியைத் தொடாமல் சோம்பிக் கிடக்கிறவனுக்கு இந்தத் தவறு வராது. ஒழுங்காகப் பழகுகிறவளுக்குத்தான் வரும். அதுதான் கொடுமை.

அன்று மதியம் ஓடைக்கரை டிரெய்லர் வீட்டில், குடித்துவிட்டு மான் வேட்டைத் துப்பாக்கியோடு வாசலுக்கு வந்தான் கோய் லேம்பெத் என்பவன். டென்னி படியில் நின்றான். கெண்ட்ரா பக்கவாட்டில். கோய் துப்பாக்கியைத் தூக்கியபோது அவள் குறி சரியாகத்தான் இருந்தது. அழுத்தினாள். 'டிக்' என்றது. அவ்வளவுதான். சுடாவிட்டால் உடனே இழுத்துவிட்டு மறுபடி அழுத்து என்று நூறு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது தோன்றவில்லை, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோய் சுட்டான். டென்னியின் தொடை எலும்பு நொறுங்கியது. சுட்டவன் துப்பாக்கியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்த பிறகுதான், அவள் கை தானாக மேல்பாகத்தை இழுத்துவிட்டது. தோட்டா ஏறிக்கொண்டது. அதோடு தடயமும் போயிற்று.

ஆம்புலன்ஸ் அருகில் ஷெரிப் கேட்டார், ஏன் சுடவில்லை என்று. "அடைச்சுக்கிச்சு" என்றாள், தோட்டா உள்ளே சிக்கிக்கொண்டதாக. வாய் தவறி வந்த சொல்லா, தெரிந்தே வந்த சொல்லா என்று அவளுக்கே இன்றுவரை விளங்கவில்லை. மறந்துவிட்டேன் என்றால் பேட்ஜ் போகும். பேட்ஜ் போனால் வாடகையும் போகும், ஆஸ்துமாக்காரி மகளின் மருத்துவக் காப்பீடும் போகும். நாளைக்குத் திருத்திச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளை வருவதற்குள் செய்தி ஊரைச் சுற்றி வந்துவிட்டது: நடீன் விற்ற துப்பாக்கி காலை வாரிவிட்டது.

"கையில என்ன கட்டு மிஸ் நடீன்? புழு கடிச்சிருச்சா?" என்று டென்னி கேட்டான்.

நடீனின் வலது மணிக்கட்டில் தடித்த கட்டு இருந்தது. ஐம்பத்தெட்டு வயது, பருத்த உடம்பு, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. அவள் சிரிக்கவில்லை.

"எல்லாம் இவளோட பழைய துப்பாக்கிதான். மாநிலப் போலீஸ் பாத்துட்டு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலன்னு அனுப்பிட்டாங்கள்ல, நான்தானே கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஒம்போது நாளா வீட்டுக்குப் பின்னாடி வச்சுச் சுடுறேன். காலையில அம்பது, சாயந்திரம் அம்பது. மொத்தம் தொள்ளாயிரம் தோட்டா. எண்ணெய் போடாம சுட்டேன், மண்ணுல போட்டுப் பெரட்டிச் சுட்டேன், இடது கையால சுட்டேன், தொளதொளன்னு புடிச்சும் சுட்டுப் பாத்தேன். ஒரு தடவகூட அடைக்கல. அன்னிக்கு மட்டும் ஏன் அடைச்சுச்சு? சொல்லு கண்ணு, அன்னிக்கு அதுக்கு என்ன வந்துச்சு?"

"தெரியல மிஸ் நடீன்," என்றாள் கெண்ட்ரா, தொட்டியைப் பார்த்தபடியே.

"விடுங்க, அதுக்கு அன்னிக்கு மூடு சரியில்ல," என்றான் டென்னி. "இப்ப நல்லதா ஒண்ணு காட்டுங்க. எனக்கு இன்னும் ஒரு கால் பாக்கியிருக்கு. அதையாவது காப்பாத்தணும்ல."

அவன் எப்போதும் அப்படித்தான், தன் சாவு வீட்டிலேயே கிண்டல் அடிப்பான். ஆனால் அந்தக் கிண்டல் கெண்ட்ராவின் நெஞ்சில் போய்த் தைத்தது. அவள் மெதுவாக அலமாரிப் பக்கம் வந்தாள்.

நடீன் பச்சைத் துணியை விரித்து மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றையும் திறந்து, குழல் காலி என்று தன் கண்ணால் பார்த்து, இவர்களிடமும் காட்டிவிட்டுத்தான் வைத்தாள். வாங்குகிறவரும் கையில் எடுத்ததும் மறுபடி திறந்து பார்க்க வேண்டும். இப்போதுதானே காட்டினாள் என்று பார்க்காமல் விட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும்.

"பொம்பளைன்னா சின்னதாக் காட்டுன்னு பாதிரியார் போன் பண்ணிச் சொல்றாரு. அவருக்கு என்ன தெரியும்? கைப்பையிலயா வைக்கப் போற? இடுப்புல எல்லாரும் பாக்கத்தானே தொங்கப் போகுது. பெருசா இருந்தாத்தான் விரல் எல்லாம் உக்காரும், கனமா இருந்தாத்தான் உதைக்காது, நீளமா இருந்தாத்தான் குறி தப்பாது. இந்தா, இது துருக்கிக்காரன் செஞ்சது. முந்நூத்தி எண்பது டாலர். வேலையில குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு ஸ்பிரிங் போச்சுன்னா ரெண்டு மாசம் வழிமேல விழி வச்சுக் காத்திருக்கணும்."

கெண்ட்ரா எடுத்தாள், திறந்து பார்த்தாள், சுவரில் மாட்டியிருந்த மான் தலையை நோக்கிப் பிடித்துவிட்டு வைத்தாள்.

"இது ஏதோ ஒரு ஊர் போலீஸ் மொத்தமா மாத்திட்டுத் தள்ளிவிட்டது. முந்நூத்தி அம்பது. வெளிய பாரு, உறையில ஒரசி ஒரசிச் சாயமே போயிருச்சு. உள்ள பாரு, கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும். உங்க ஆளுங்க சுமக்குறதோட சரி, சுடுறது எங்க?"

"எங்களப் பத்தி நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கீங்க," என்று டென்னி சிரித்தான். கெண்ட்ரா சிரிக்கவில்லை. அதையும் எடுத்தாள், பார்த்தாள், வைத்தாள்.

"இது புத்தம் புதுசு. நானூத்தித் தொண்ணூறு. என் சொந்தத் தங்கச்சிக்கு இதத்தான் குடுத்தேன். புடிச்சுப் பாரு."

மூன்றாவது கையில் வந்து கச்சிதமாக உட்கார்ந்தது. அவளுக்கே அது தெரிந்தது. அதையும் கீழே வைக்கப் போனாள்.

"என்ன கண்ணு இது, மூணையும் தூக்கிப் பாத்துட்டு வைக்குற? கத்திரிக்காயா வாங்குற? ட்ரிகர அழுத்திப் பாக்காம யாராவது பிஸ்டல் வாங்குவாங்களா?"

"பரவால்ல மிஸ் நடீன், நல்லாத்தான் இருக்கும். இதையே எடுத்துக்கறேன்." பண உறையை எடுத்து அலமாரிக் கண்ணாடி மேல் வைத்தாள்.

நடீன் அந்த உறையைப் பார்த்தாள். பிறகு ஒரே விரலால் அதைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள்.

"உங்கிட்ட நான் காசு வாங்க மாட்டேன். இது என் கடன். நான் வித்த சாமானால உன் உசிரும் போகத் தெரிஞ்சுது, இவன் காலும் போச்சு." அவள் உறையிலிருந்து விரலை எடுத்தாள். "திங்கக்கிழமையோட துப்பாக்கிய நிறுத்திடறேன். லைசென்ச திருப்பி அனுப்ப எழுதி வச்சுட்டேன். இனிமே புழு மட்டும்தான்."

"என்ன மிஸ் நடீன் இது, திடீர்னு?" என்றான் டென்னி. முதல் முறையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"திடீர்னு இல்ல. அதோ பாரு." கல்லாப்பெட்டி பக்கத்துச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஒன்பது பெயர்கள், ஒன்பது போன் எண்கள். "அதே மாடலை எங்கிட்ட வாங்கினவங்க. ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு, அது ஆபத்து, கொண்டாந்து குடுத்துருங்கன்னு சொன்னேன். ஏழு பேரு கொண்டாந்தாங்க. எல்பர்ட் க்ரேன் இதோ இங்க நின்னு, படுக்கையில கெடக்குற பொண்டாட்டிய வச்சுக்கிட்டுத் தனியா இருக்கேன், எனக்கு இப்படி ஒரு சாமானக் குடுத்தியே, உனக்கு வெக்கமா இல்லையான்னு கேட்டாரு. என்ன பதில் சொல்ல? ரெண்டு பேரு குடுக்க மாட்டேன்னுட்டாங்க. அவங்க வீட்டுல என்ன ஆகுமோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. எங்க தப்பு பண்ணேன்னே தெரியலயே, அதுதான் என்னைத் தின்னுது. தெரிஞ்சாலாவது அழுதுட்டு விட்ருவேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு தன்னையே அதட்டிக்கொள்வது போல, "சரி, அத விடு. என் கையால குடுக்குற கடைசித் துப்பாக்கி. எனக்காகவாவது ஒரு தடவ அழுத்திப் பாத்து வாங்கிக்க," என்றாள்.

இனி தப்ப வழியில்லை. கெண்ட்ரா துப்பாக்கியை எடுத்தாள். குழலைத் திறந்து பார்த்தாள். மான் தலைக்கு நேரே பிடித்தாள். அழுத்தினாள்.

டிக்.

அது ஓடைக்கரையில் கேட்ட அதே சத்தம். தற்செயலாக அலமாரிக் கண்ணாடியில் டென்னியின் முகம் தெரிந்தது. அவன் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, மான் தலையையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து கண்ணை இறுக்க மூடியிருந்தான். கண்ணைத் திறந்தவன், அவள் பார்ப்பதைக் கண்டதும், அவசரமாகத் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இவனுக்குத் தெரியும். அன்றைய 'டிக்' இவன் காதிலும் விழுந்திருக்கிறது. கெண்ட்ராவின் கையிலிருந்த துப்பாக்கி கனத்தது. ஏழு வாரமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் போய் அவனுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்தாளே, அந்த ஏழு வாரமும் இவனுக்குத் தெரியும். வெட்கமா, பயமா, ஒருவிதமான ஆறுதலா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. துப்பாக்கியைப் பச்சைத் துணிமேல் வைத்தாள்.

"மிஸ் நடீன், அது அடைக்கல."

"எது கண்ணு?"

"என் பழைய துப்பாக்கி. அதுக்கு ஒண்ணும் இல்ல. காலையில வெறும் துப்பாக்கிய வச்சுப் பழகிட்டு, இழுத்துவிட மறந்துட்டேன். குழல்ல தோட்டாவே இல்ல. டிக்குனு சத்தம் வந்துச்சு, நான் மரம் மாதிரி நின்னுட்டேன். நான்தான். துப்பாக்கி இல்ல, நீங்க இல்ல, நான்தான்."

நடீன் டென்னியைப் பார்த்தாள். அவன் அதிர்ந்திருக்க வேண்டும்; அதிரவில்லை. நடீனுக்கு அது போதும். பதினாறு வருடம் கல்லாவில் நின்று மனிதர்களைப் பார்த்தவள்.

"உனக்கும் தெரியுமாடா?"

"தெரியும் மிஸ் நடீன்," என்றான் டென்னி. "அடைச்சுக்கிட்டா டிக்குனு கேக்காது. படியிலதானே நின்னேன், எனக்கு நல்லாக் கேட்டுச்சு. சரி, தோட்டா பழுதோன்னு பாத்தா, அவ இழுத்துவிட்டப்ப அது கீழ விழணும்ல. நான் தரையிலதான் கெடந்தேன். என் கண்ணு முன்னாடி ஒண்ணும் விழல."

"டாக்கெட், ஏன் சொல்லல?" என்றாள் கெண்ட்ரா. அழுகை வந்துவிட்டது.

"என்ன சொல்லச் சொல்ற? நாலு வருஷமா என் முதுக நீதான் பாத்துக்கிட்ட. ஒருநாள் மறந்ததுக்கு உன் பொழப்புல மண்ணப் போடவா? துப்பாக்கி மேலதானே பழி. துப்பாக்கிக்கு என்ன, பேரா கெட்டுறப் போகுதுன்னு நெனச்சேன்."

"துப்பாக்கிக்குக் கெடலடா," என்றாள் நடீன். "எனக்குக் கெட்டுச்சு. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து உன் கால்மாட்டுல உக்காந்து அழுதேனே. மன்னிச்சுக்கடான்னு உன் கையப் புடிச்சேனே. அப்பவும் தெரியுமா?"

டென்னி ஊன்றுகோலைப் பார்த்தான். "தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே, பரவால்ல மிஸ் நடீன், யார் மேலயும் தப்பில்லன்னு பெரிய மனுஷனாட்டம் சொன்ன."

டென்னி இரக்கப்பட்டுத்தான் செய்தான், அதில் பொய் இல்லை. ஆனால் ஒருத்தி மேல் வைத்த இரக்கத்துக்கு இன்னொருத்தி கூலி கொடுத்திருக்கிறாள் என்பது அவனுக்கு அந்த நிமிடம்தான் உறைத்திருக்க வேண்டும்.

நடீன் கத்துவாள் என்று கெண்ட்ரா எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நடீன் மூன்று துப்பாக்கிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள், கண்ணாடிக் கதவைச் சாத்தினாள், பூட்டினாள். கட்டுப்போட்ட கையால் சாவி திருப்புவது கஷ்டமாக இருந்தது. உதவ வந்த கெண்ட்ரா, நடீன் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னிக்கே ஷெரிப்கிட்டப் போய்ச் சொல்லிடறேன் மிஸ் நடீன். சர்ச்சுலயும் சொல்றேன். பணத்தத் திருப்பிக் குடுத்துடறேன்."

"சொல்லு. அது உங்க வீட்டு விவகாரம். அவரு உன்னைத் திட்டுவாரு, வேலைய விட்டு அனுப்புவாரு, அனுப்பாம இருப்பாரு. எனக்கு அது வேண்டாம்." சுவரிலிருந்த காகிதத்தைப் பிய்த்தெடுத்துக் கண்ணாடி மேல் வைத்தாள். பக்கத்தில் கடை போனை எடுத்து வைத்தாள். "என்னைத் திட்டினவங்க இவங்க. முதல்ல இவங்களுக்குச் சொல்லு. இங்கயே நின்னு, என் காதுல விழுற மாதிரி."

முதல் பெயர் எல்பர்ட் க்ரேன். கெண்ட்ராவுக்கு அவரைத் தெரியாது. பாந்தர் ஹாலோ பாதையின் கடைசி வீடு என்று மட்டும் தெரியும். எண்களை அழுத்தினாள். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை சரியாக அழுத்தினாள். நடீன் கையை நீட்டி ஒலிபெருக்கியைப் போட்டாள். நான்காவது மணிக்கு ஒரு கிழட்டுக் குரல் எடுத்தது. பின்னால் தொலைக்காட்சி சத்தம்.

"மிஸ்டர் க்ரேன், நான் துணை ஷெரிப் கெண்ட்ரா மேடக்ஸ் பேசுறேன். நடீன் ப்ரூயிட் கடையிலருந்து."

"என்ன வேணும்?"

"நீங்க திருப்பிக் குடுத்த துப்பாக்கியப் பத்தி சார். அது கெட்ட துப்பாக்கி இல்ல. என்னோடதும் கெட்டது இல்ல. அடைச்சுக்கிச்சுன்னு நான் சொன்னது பொய். நான் தோட்டாவ ஏத்த மறந்துட்டேன். அப்புறமும் ஒண்ணும் செய்யாம நின்னுட்டேன். அதனாலதான் டென்னிக்குக் குண்டு பட்டுச்சு. மிஸ் நடீன் மேல எந்தத் தப்பும் இல்ல."

தொலைக்காட்சி சத்தம் நின்றது.

"அப்ப சாமான் நல்ல சாமான்தானா?"

"நல்ல சாமான்தான் சார். மிஸ் நடீன் தொள்ளாயிரம் தோட்டா சுட்டுப் பாத்துட்டாங்க."

"ம்." கிழவர் மூச்சு வாங்கினார். "நீ எந்தப் பக்கம் ரோந்து வர்ற?"

"வடக்குப் பக்கம் சார்."

"அப்ப எங்க பாந்தர் ஹாலோ பக்கம் ஒரு ஆபத்துன்னு போன் பண்ணா, வர்றது நீதானா?"

டென்னி தலையைத் தூக்கினான். நடீன் கண்ணாடி அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படி இல்லை, இனிமேல் யார் வருவார்கள் என்று தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கெண்ட்ரா அப்படிச் சொல்லவில்லை.

"ஆமா சார். இதுவரைக்கும் நான்தான்."

திட்டப் போகிறார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் திட்டவில்லை. குரலில் கோபமும் இல்லை.

"அப்ப நடீன்கிட்டச் சொல்லும்மா, என் துப்பாக்கிய வேற யாருக்கும் வித்துட வேண்டாம்னு. வர்றது நீன்னா, அது என் கையிலயே இருக்கட்டும். நான் இன்னிக்கே வந்து வாங்கிக்கறேன்."

போன் வைக்கப்பட்டது. நடீனுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. ஆனாலும் கெண்ட்ரா அவள் பக்கம் திரும்பி, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நடீன் தலையசைத்துவிட்டு, காகிதத்தில் இரண்டாவது பெயரின் மேல் விரலை வைத்தாள்.